முளையும் விளைவும்: பேஸ்போல் ஆட்டத்தில் இளையோர் திறனை மதிப்பிடும் முறை

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது தமிழ் மக்களிடை வழங்கும் முதுமொழி. முளையைக் கண்டு விளைவை உரைக்கும் முயற்சி எல்லாத் துறைகளிலும் உண்டு. எனினும், அம்முயற்சியைத் தனியொரு தொழிலாகவே வகுத்து, அதற்கென ஆட்களை அமர்த்தி, அளவுகோல்களை ஆக்கி, அதன் வெற்றி தோல்விகளை நெடுங்காலமாக ஏட்டிற் பதிந்து வைத்திருக்கும் துறைகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பெரிதும் போற்றப்படும் பேஸ்போல் ஆட்டமாகும். பதினெட்டு அல்லது பத்தொன்பது வயதுடைய இளைஞன் ஒருவன் இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் எந்நிலையை அடைவான் என்னும் வினாவிற்கு அங்கே விடை தேடப்படும் முறை ஆராய்தற்குரியது. அவ்விடையை நம்பிக் கழகம் தன் பொருளைச் செலவிடுகின்றது. இளைஞன் தன் இளமையையே செலவிடுகின்றான்.

ஆட்டமும் அதன் படிநிலைகளும்

கிரிக்கெட் ஆட்டத்தை அறிந்தோர்க்கு பேஸ்போல் ஆட்டத்தின் அடிப்படையை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று. பந்தெறிவோன் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பந்தை நிலத்திற் படாமல் எறிகின்றான். அடிப்போன் உருண்டையான மட்டையால் அதனை அடித்துவிட்டு, ஒன்றுக்கொன்று 90 அடி தொலைவில் அமைந்த நான்கு தளங்களைச் சுற்றி ஓடிவர முயல்கின்றான். உரிய எல்லைக்குள் வரும் பந்துகளை மூன்று முறை தவறவிட்டால் அவன் ஆட்டமிழப்பான். எல்லைக்குப் புறம்பான பந்துகள் நான்கை அடியாது விட்டுவிட்டால் முதலாந் தளத்திற்கு நடந்தே செல்லும் உரிமையைப் பெறுவான். பந்து மைதான வேலியைக் கடந்து வீழ்ந்தால் அது முழு ஓட்டமாகும். நடந்து சென்ற முறைகளை நீக்கி, அவன் மட்டையேந்திய முறைகளில் எத்தனை பங்கு வெற்றியான அடியாக முடிந்தது என்பதே அடிச் சராசரி எனப்படும். பத்து முறையில் மூன்று முறை வெல்பவன், அதாவது 0.300 என்னும் சராசரியை உடையவன், சிறந்த ஆட்டக்காரனாகக் கொள்ளப்படுவான். ஆகவே, மிகச் சிறந்தவனும் பத்தில் ஏழு முறை தோல்வி காண்பது இவ்வாட்டத்தின் இயல்பு. திறனை மதிப்பிடுதல் கடினமாவதற்கு இதுவே முதற் காரணம்.

ஆட்டத்தின் உச்சியில் மேஜர் லீக் எனப்படும் உயர்தரப் போட்டிகள் உள்ளன. அவற்றில் 30 கழகங்கள் பங்குகொள்கின்றன. அவற்றிற்குக் கீழே மைனர் லீக் எனப்படும் பயிற்சிநிலைப் போட்டிகள் உள்ளன. 2021 ஆம் ஆண்டில் இவை திருத்தியமைக்கப்பட்டபொழுது, ஒவ்வோர் உயர்தரக் கழகத்திற்கும் நான்கு துணைக் குழுக்களாக மொத்தம் 120 குழுக்கள் வகுக்கப்பட்டன. ஒற்றை ஏ, உயர் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்பன அந்நான்கு படிகளாம். இவற்றிற்கும் கீழே புதியோர்க்கான பயிற்சிப் போட்டிகளும் உண்டு.

இம்முறையை ஆக்கியவருள் முதன்மையானவர் பிராஞ்ச் ரிக்கி. சென் லூயிஸ் நகரக் கழகத்தை நடத்திய அவர், செல்வமிக்க கழகங்களோடு போட்டியிட்டு ஆட்டக்காரரை விலைக்கு வாங்க இயலாத நிலையில் இருந்தார். எனவே, 1920 ஆம் ஆண்டை அடுத்த காலத்திற் சிறு கழகங்களையே தம் கழகத்தின் உடைமையாக்கி, இளைஞர் பலரைக் குறைந்த செலவிற் சேர்த்து, அங்கேயே வளர்த்தெடுக்கத் தொடங்கினார். இது பண்ணை முறை என வழங்கலாயிற்று. நாற்றுப் பலவற்றை நட்டால், எந்நாற்று விளையும் என்பதைக் காலத்தோடு அறிதல் வேண்டும். விளையாததன்மீது நீரையும் எருவையும் வீணாக்குதல் கூடாது. இவ்வாறே மதிப்பீடு என்பது கழக நிர்வாகத்தின் உயிர்நாடியாயிற்று.

கண்ணால் அளத்தல்

மதிப்பீட்டின் பழைய வழி நேரிற் கண்டு அளத்தலாகும். ஸ்கவுட் எனப்படும் திறனறிவோர் ஊரூராகச் சென்று இளைஞரின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுவர். அவர்கள் நோக்கும் திறன்கள் ஐந்து: பந்தைத் தவறாது அடிக்கும் திறன், வலிமையுடன் தொலைவிற்கு அடிக்கும் திறன், ஓட்ட விரைவு, களத்திற் பந்தைத் தடுத்துப் பிடிக்கும் திறன், தொலைவிலிருந்து எறியும் கைவலிமை என்பன. இவ்வைந்தும் ஒருவனிடத்தே ஒருங்கு அமைதல் மிக அரிது.

ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை புள்ளி வழங்கப்படும். 50 என்பது உயர்தரப் போட்டியில் ஆடுவோரின் நடுத்தர நிலை. ஒவ்வொரு 10 புள்ளியும் புள்ளிவிவர நூலார் நியம விலகல் என்று கூறும் ஓர் அளவைக் குறிக்கும். எனவே, 60 பெறுபவன் உயர்தர ஆட்டக்காரருள்ளும் மேம்பட்டவன். 70 பெறுவோர் மிகச் சிலர். 80 என்பது தலைமுறைக்கு ஒருசிலரே எய்தும் நிலை. இவ்வளவை பள்ளிப் பரீட்சைப் புள்ளிபோன்றதன்று. நூற்றுக்கு ஐம்பது பெற்ற மாணவன் அரைகுறையாகக் கற்றவன் எனப்படலாம். இங்கு ஐம்பது பெற்றவனோ உலகின் சிறந்த ஆட்டக்காரர் கூட்டத்தில் இடம்பெறத் தக்கவன்.

ஐந்து திறன்களுட் சில, கருவியால் அளக்கத்தக்கன. ஓட்ட விரைவை நிறுத்தற் கடிகாரத்தால் அளக்கலாம். வலக்கையால் அடிப்போன் ஒருவன், அடித்த இடத்திலிருந்து முதலாந் தளத்தை ஏறத்தாழ 4.3 வினாடியில் அடைவானாயின் அவனுக்கு 50 புள்ளி வழங்குவர். எறியின் வேகத்தையும் கருவி காட்டும். கிரிக்கெட் ஆட்டத்தில் நடுவர்க்குத் துணைபுரியும் ஹோக்-ஐ ஒளிப்படக் கருவி, 2020 ஆம் ஆண்டு முதல் மேஜர் லீக் மைதானங்களிலும் பொருத்தப்பட்டு, மட்டையிற் பட்டுச் செல்லும் பந்தின் வேகத்தையும் கோணத்தையும் பதிந்து வருகின்றது. ஆயினும், ஐந்தனுள் முதன்மையான அடிக்கும் திறனே அளத்தற்கு மிக அரியதாக உள்ளது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து மட்டையை அடைய ஏறத்தாழ 0.4 வினாடியே செல்லும். அதற்குள், வருவது நேர்ப்பந்தா வளைபந்தா எனக் கண்டு, அடிப்பதா விடுவதா எனத் துணிந்து, மட்டையைச் சுழற்றவும் வேண்டும். கண், கை, துணிவு என்னும் மூன்றும் ஒன்றுகூடும் அக்கணத்தை எந்தக் கடிகாரமும் முழுமையாக அளப்பதில்லை.

திறனறிவோர் ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு புள்ளி எழுதுதல் வழக்கம். ஒன்று இன்றுள்ள நிலைக்குரியது. மற்றது அவன் எய்தக்கூடிய நிலைக்குரியது. இன்று 30, நாளை 55 என எழுதும்பொழுது, இடையிலுள்ள 25 புள்ளியும் திறனறிவோனின் கணிப்பேயன்றிக் காட்சியன்று. தேர்ந்த திறனறிவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதுவதில்லை.

எண்கள் கூறுவனவும் கூறாதனவும்

இரண்டாவது வழி, இளைஞன் ஏற்கெனவே ஆடிய ஆட்டங்களின் எண்களை ஆராய்தல். எண்கள் நடுநிலை தவறா என்று பலரும் எண்ணுவர். ஆனால், எண் எவ்வளவு ஆட்டத்திலிருந்து பெறப்பட்டது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். உண்மைத் திறனால் 0.270 சராசரிக்குரிய இளைஞன் ஒருவன் 100 முறை மட்டையேந்துகின்றான் எனக் கொள்வோம். அவன் 27 முறை வெல்வான் என்பது எதிர்பார்ப்பு. ஆயினும், நாணயத்தை நூறு முறை சுண்டினாற் சரியாக ஐம்பது முறை தலை விழாததுபோல, இங்கும் தற்செயலான ஏற்றத்தாழ்வு உண்டு. கணித விதிப்படி, மூன்றில் இரண்டு பங்கு வேளைகளில் அவன் வெற்றி 23 இற்கும் 31 இற்கும் இடையில் அமையும். எஞ்சிய ஒரு பங்கு வேளைகளில் அவ்வெல்லைக்கும் அப்பாற் செல்லும். 0.230 எனக் கண்டவர் அவனைத் தகுதியற்றவன் என்பர், 0.310 எனக் கண்டவர் அவனை வருங்கால வீரன் என்பர். இரண்டு எண்ணும் ஒரே இளைஞனுக்குரியனவே. அவன் 400 முறை ஆடினால், எல்லை 0.248 இற்கும் 0.292 இற்கும் இடையாகச் சுருங்கும். எனவே, ஒரு திங்கள் ஆட்டத்தைக் கொண்டு புகழ்தலும் இகழ்தலும் அறிவுடைமையாகா.

இன்னுமொன்று, எல்லா எண்களும் ஒரே தன்மையன அல்ல. அடித்த பந்து களத்தில் நிற்போர் கைக்கு எட்டுகின்றதா, இரண்டு பேருக்கு இடையே செல்கின்றதா என்பதிற் பேறும் கலந்துள்ளது. ஆனால், மூன்று முறை தவறவிட்டு ஆட்டமிழத்தலும், தீய பந்தை விட்டு நடந்து செல்லுதலும் பெரிதும் அடிப்போனதும் எறிவோனதும் திறனையே சார்ந்தவை. ஆகையால், இவ்விரு விகிதங்களும் அடிச் சராசரியிலும் விரைவாக உண்மை நிலையைக் காட்டுகின்றன. பிராஞ்ச் ரிக்கி 1947 ஆம் ஆண்டில் புரூக்ளின் கழகத்தில் அலன் ரொத் என்னும் புள்ளிவிவர அறிஞரைப் பணியில் அமர்த்தினார். தளத்தை அடையும் விகிதம் அடிச் சராசரியிலும் சிறந்த அளவுகோல் என்னும் கருத்தை 1954 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் அவர் வலியுறுத்தினார். எண்களையும் கண்களையும் ஒருங்கே மதித்த முன்னோடி அவரே.

வயதும் படிநிலையும்

மைனர் லீக் எண்களை நோக்கும்பொழுது உடனெழுதப்படவேண்டிய எண் ஆட்டக்காரனின் வயதாகும். இரட்டை ஏ நிலையில் ஆடுவோர் பெரும்பாலும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதினர். அந்நிலையில் இருபது வயது இளைஞன் 0.270 என்னும் சராசரியைப் பெறுவதும், இருபத்தேழு வயதினன் அதனைப் பெறுவதும் ஒன்றல்ல. முன்னவன் தன்னினும் மூத்தோரோடு நிகராக நிற்கின்றான். அவன் உடலும் அறிவும் இன்னும் வளரும். பின்னவன் தன்னினும் இளையோரை வென்று பெற்ற எண் அது. அவன் வளர்ச்சி பெரும்பாலும் முற்றுப்பெற்றது.

1994 ஆம் ஆண்டில் கூடைப்பந்தாட்ட வீரர் மைக்கேல் ஜோர்டன் பேஸ்போல் ஆட வந்தமை இதற்கொரு சான்று. கூடைப்பந்தாட்டத்தில் மூன்று முறை தொடர்ந்து வெற்றிவாகை சூடிய அணியின் தலையாய வீரராகிய அவர், 31 வயதில் பேர்மிங்காம் நகரின் இரட்டை ஏ குழுவில் 127 ஆட்டங்கள் ஆடினார். 30 தளங்களைத் திருட்டோட்டத்தாற் கைப்பற்றியமை அவர் விரைவைக் காட்டிற்று. ஆனால், அடிச் சராசரி 0.202 மட்டுமே, முழு ஓட்டங்கள் மூன்று, மும்முறை தவறி ஆட்டமிழந்தமை 114. பள்ளிக் காலத்தின் பின் அவ்வாட்டத்தை ஆடாதிருந்த ஒருவர் அவ்வளவேனும் அடித்தமை வியப்பே. எனினும், வலிமையும் விரைவும் அடிக்கும் திறனாகத் தாமே மாறுவதில்லை என்பதும், அத்திறனை வளர்க்கும் பருவம் கடந்துபோகும் என்பதும் அவ்வெண்களால் விளங்குகின்றன.

வயது என்னும் அளவுகோலையும் காரணம் அறியாது வழங்குதல் தவறு. ஜாக்கி ரொபின்சன் 1946 ஆம் ஆண்டில் மூன்று ஏ நிலையிலுள்ள மொன்றியல் குழுவில் ஆடி 0.349 சராசரி பெற்றபொழுது அவர்க்கு வயது 27. வயதை மட்டும் நோக்கின், காலங்கடந்து வந்தவர் என்றே கூறத்தோன்றும். ஆனால், அவர் காலந்தாழ்த்தவில்லை. கறுப்பின மக்களை அனுமதியாத அக்கால வழக்கமே அவரைத் தாழ்த்தி வைத்தது. 1947 ஏப்ரல் 15 ஆம் நாள் அவர் புரூக்ளின் கழகத்திற்காக மேஜர் லீக்கிற் காலடி வைத்தார். அவ்வாண்டின் சிறந்த புதிய ஆட்டக்காரர் என்னும் பரிசையும் பெற்றார். ஒருவன் பிந்தி வந்தான் என்பதை எழுதுமுன், அவன் வழியில் நின்ற தடை யாது என வினவுதல் மதிப்பிடுவோனின் கடமையாகும்.

இடமும் காற்றும்

எண்களைத் திரிக்கும் மற்றொரு காரணம் இடம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரம் கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலான உயரத்தில் உள்ளது. அங்கே காற்று அடர்த்தி குறைந்ததாகலின், அடித்த பந்து நெடுந்தொலைவு செல்கின்றது. எறிந்த பந்தோ குறைவாகவே வளைகின்றது. இரண்டும் அடிப்போனுக்கே நன்மை. அங்கே இருபது முழு ஓட்டம் அடித்தவனையும், கடலோர நகரொன்றின் அகன்ற மைதானத்திற் பதினான்கு அடித்தவனையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் பொருந்தாது. எறிவோனைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழாகும். அவன் எண்கள் மெலிந்து காணப்படினும் திறன் மெலிந்ததாகாது.

பில் ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர் 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஆண்டு நூலில், மைனர் லீக் எண்களை மைதானத்திற்கும் போட்டியின் தரத்திற்கும் ஏற்பத் திருத்தி, அவை மேஜர் லீக்கில் எவ்வளவாகும் என மாற்றிக் காணும் முறையை விளக்கினார். மைனர் லீக் எண்கள் பயனற்றவை என்று பலர் எண்ணிய காலம் அது. தக்கவாறு திருத்தினால் அவை வருங்காலத்தைக் காட்டவல்லன என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

பந்தெறிவோரும் உடல்நலமும்

பந்தெறிவோரை மதிப்பிடுதல் இன்னும் இடர்மிக்கது. 2001 ஆம் ஆண்டில் வோரொஸ் மக்கிராக்கன் என்பவர், அடிபட்டுக் களத்திற்குள் விழும் பந்து வெற்றியாவதும் பிடிபடுவதும் எறிவோனின் ஆட்சியில் மிகக் குறைவாகவே உள்ளன எனக் காட்டினார். மும்முறை தவறச்செய்தல், நடக்கவிடுதல், முழு ஓட்டம் கொடுத்தல் என்பனவே அவனது திறனைச் செவ்வையாகக் காட்டுவன. ஆகவே, ஓர் இளம் எறிவோன் குறைந்த ஓட்டங்களைக் கொடுத்திருப்பினும், எதிரிகளைத் தவறச்செய்யும் ஆற்றல் குறைந்தவனாயின், அவன் வெற்றியிற் களத்தோழரின் பங்கும் பேற்றின் பங்கும் எவ்வளவு என ஆராய்தல் வேண்டும்.

எறிவோனின் முழங்கை எப்பொழுதும் இடரின் விளிம்பில் உள்ளது. 1974 ஆம் ஆண்டில் மருத்துவர் பிராங்க் ஜோப், ரொமி ஜோன் என்னும் எறிவோனின் முழங்கையில் அறுந்த தசைநாரை, உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாரால் ஈடுசெய்தார். ரொமி ஜோன் 1976 இல் மீண்டும் ஆடவந்து 1989 வரை எறிந்தார். அச்சிகிச்சை இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. எனினும், சிகிச்சையால் மீண்டோரைப் போல மீளாதோரும் உளர். எனவே, எறிவோனைப்பற்றிய கணிப்பு எதிலும் நோய்க்கும் ஊறுக்கும் ஒரு பங்கு ஒதுக்குதல் இன்றியமையாதது.

தவறிய கணிப்புகள்

பள்ளி, பல்கலைக்கழக இளைஞரைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் ஏற்பாடு 1965 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதன் வரலாறு மதிப்பிடுவோர்க்குப் பணிவைப் புகட்டும் ஏடாகும். 1966 இல் நியூயோர்க் மெற்ஸ் கழகம் முதல்வராகத் தெரிந்தெடுத்த ஸ்ரீவ் சில்கொட் மறு ஆண்டிலே தோளில் ஊறுபட்டு, மேஜர் லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடாமலே விலகினார். அவரை அடுத்து இரண்டாமவராகத் தெரிந்தெடுக்கப்பட்ட ரெஜி ஜாக்சனோ 563 முழு ஓட்டங்கள் அடித்தார்.

அதே கழகம் 1980 ஆம் ஆண்டின் முதற் சுற்றிலே டரில் ஸ்ரோபெரி, பில்லி பீன் ஆகிய இருவரையும் தெரிந்தெடுத்தது. முன்னவர் 335 முழு ஓட்டங்கள் அடித்துப் புகழெய்தினார். திறன்கள் ஐந்தும் நிறைந்தவர் எனப் போற்றப்பட்ட பில்லி பீன் 148 ஆட்டங்களில் 0.219 சராசரியோடு நின்றுவிட்டார். தோல்வியைத் தாங்கி மறுநாள் புதிதாக மட்டையேந்தும் மனநிலை தமக்கு வாய்க்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே உணர்ந்தார். ஒக்லண்ட் கழகத்தின் பொது முகாமையாளராகிய பின், தோற்றப்பொலிவைக் கண்டு மயங்காது எண்களை ஆராய்ந்து ஆட்டக்காரரைத் தெரியும் முறைக்கு அவரே எடுத்துக்காட்டானார்.

மறுபுறத்தில், 1988 ஆம் ஆண்டின் 62 ஆம் சுற்றில், குடும்ப நண்பர் ஒருவரின் பொருட்டு, 1,390 ஆவது ஆளாகச் சேர்க்கப்பட்ட மைக் பியாசா, பந்து பிடிப்போர் வரிசையில் எவரினும் மிகுதியான முழு ஓட்டங்களை அடித்து, 2016 இற் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். வெனிசுவேலா நாட்டின் ஹொசே அல்டுவே உயரங் குறைந்தவர் என்பதால் ஹூஸ்ரன் கழகத்தின் தேர்விலிருந்து திருப்பியனுப்பப்பட்டார். மறுநாளும் அவர் அங்கே சென்று நின்றார். 2007 இல் 15,000 டொலர் என்னும் சிறு தொகைக்கு ஒப்பந்தமாகி, 2017 இல் அமெரிக்க லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். அவர் உயரம் 5 அடி 6 அங்குலம். உயரத்தை அளந்தவர் பிழையாக அளக்கவில்லை. உயரம் அடிக்கும் திறனன்று என்பதை மறந்தமையே பிழை.

மதிப்பீட்டின் பொறுப்பு

இக்காரணங்களால், தேர்ந்த மதிப்பீடு ஓர் எண்ணையன்றி ஒரு வீச்சையே கூறும். எல்லாம் நலமே முடியின் இளைஞன் எவ்வளவு உயர்வான், வளர்ச்சி தடைப்படின் எங்கே நிற்பான், இரண்டிற்கும் இடையில் எது கூடுதலாக நிகழத்தக்கது என்னும் மூன்றையும் அது தனித்தனியே குறிக்கும். உச்சம் உயர்ந்ததாயும் உறுதி குறைந்ததாயும் உள்ள பதினெட்டு வயதினனும், உச்சம் தாழ்ந்ததாயும் உறுதி மிக்கதாயும் உள்ள இருபத்துநான்கு வயதினனும் ஒரே விலை பெறலாம். ஆயினும் இருவரும் ஒருவரல்லர்.

இம்மதிப்பீட்டிற்கு உட்படும் இளைஞரின் வாழ்வையும் இங்கே நோக்குதல் தகும். மைனர் லீக் ஆட்டக்காரர் 2022 ஆம் ஆண்டில் தொழிற்சங்கத்திற் சேர்ந்து, 2023 இல் முதலாவது கூட்டு உடன்படிக்கையைப் பெற்றனர். அதற்குமுன், மூன்று ஏ நிலையிற் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டொலர். உடன்படிக்கையால் அது 35,800 டொலராயிற்று. தொடக்கப் பயிற்சிநிலையில் 4,800 டொலராக இருந்தது 19,800 டொலராயிற்று. அதே 2023 இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஊதியம் 720,000 டொலர். ஒரு படி மேலே வைக்கும் சொல்லுக்கும் கீழே நிறுத்தும் சொல்லுக்கும் இடையிலுள்ள தொலைவை இவ்வெண்கள் காட்டும். மேலே செல்வோர் சிலரே. எஞ்சியோர் இருபத்தைந்தாம் வயதிலும் முப்பதாம் வயதிலும் வேறு தொழிலை முதலிலிருந்து கற்கவேண்டியவராவர். ஆகையால், தகுதியுடையவனைத் தள்ளுதலைப் போலவே, வாய்ப்பில்லாதவனை ஆண்டுக்கணக்காக நம்பவைத்தலும் தீங்கே.

கிளெமென்டேயின் கதை

இதுவரை கூறியன யாவும் ஒருவர் வரலாற்றில் ஒருங்கே அமைந்துள்ளன. அவர் போட்டோ ரிக்கோ தீவிற் பிறந்த ரொபேட்டோ கிளெமென்டே. 1954 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 19 வயதில், புரூக்ளின் கழகம் அவரை 10,000 டொலர் முன்பணம் கொடுத்துச் சேர்த்தது. 4,000 டொலருக்கு மேல் முன்பணம் பெற்ற இளைஞனை மேஜர் லீக் குழுவிலேயே இரண்டாண்டு வைத்திருத்தல் வேண்டும். அன்றேல் ஆண்டிறுதியிற் பிற கழகங்கள் அவனைக் குறைந்த விலைக்குத் தெரிந்துகொள்ளலாம் என்பது அக்கால விதி. புரூக்ளின் அவரை மொன்றியல் குழுவிற்கு அனுப்பிற்று. அங்கே அவர் 87 ஆட்டங்களில் 148 முறையே மட்டையேந்தினார், வென்ற அடி 38, சராசரி 0.257, முழு ஓட்டம் இரண்டு. பிறர் கண்ணிற் படாதிருக்கவே அவரை ஆடவிடாது மறைத்தனர் என நெடுங்காலம் பேசப்பட்டது. ஆட்டக் குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்த பிற்கால ஆய்வாளர் அக்கருத்தை ஏற்கவில்லை.

அவ்வெண்கள் கூறுவது யாது? 148 என்னும் சிறு தொகையிலிருந்து பெற்ற 0.257, உண்மையில் 0.220 இற்கும் 0.290 இற்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். எண் அவரை உயர்த்தவுமில்லை; தள்ளவுமில்லை. வயது ஒன்றே அவர்க்குச் சார்பாக நின்றது: மூன்று ஏ நிலையிற் பத்தொன்பது வயதினர் அரியர்.

அப்பொழுது பிட்ஸ்பேர்க் கழகத்தை நடத்தியவர் பிராஞ்ச் ரிக்கி. அவர்தம் ஊழியரான கிளைட் சுகபோத் வேறோர் எறிவோனைப் பார்க்கச் சென்றவிடத்தில், ஆட்டத்திற்கு முன்னரான பயிற்சியிலே கிளெமென்டே எறிந்த எறியைக் கண்டார். அவ்விளைஞனிலேயே மனத்தைப் பதித்தார். 1945 இல் ஜாக்கி ரொபின்சனை ரிக்கியிடம் அழைத்துச் சென்றவரும் இவரே. 1954 நவம்பரிற் பிட்ஸ்பேர்க் கழகம் 4,000 டொலருக்குக் கிளெமென்டேயைத் தெரிந்துகொண்டது.

கண் வென்றது, எண் தோற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டுதல் அவசரமாகும். 1955 இல் அவர் சராசரி 0.255 மட்டுமே. மறு ஆண்டில் 0.311 ஆயிற்று, 1957 இல் 0.253 ஆக இறங்கிற்று. 1961 இலேயே 0.351 பெற்று லீக்கின் முதல் அடிப்போனானார். முளை விளைவாக ஏழாண்டு சென்றது. தீய பந்தை விட்டு நடத்தல் அவர்க்கு என்றும் இயல்பாகவில்லை. அவ்வொரு விகிதத்தை மட்டும் கொண்டு அளந்தவர் அவரைத் தள்ளியிருப்பர். அவரது கைவலிமையை மட்டும் கண்டவர், அடிப்போனாக அவர் எய்திய உயரத்தை அறிந்திரார். இரண்டையும் ஒருங்குவைத்து, வயதையும் எண்ணி, காத்திருக்கும் பொறுமையும் கொண்ட கழகத்திற்கே அவர் பயன்பட்டார்.

கிளெமென்டே 18 ஆண்டுகள் பிட்ஸ்பேர்க் கழகத்திற்காகவே ஆடினார். நான்கு முறை லீக்கின் முதல் அடிப்போனானார். களத்திறனுக்கான தங்கக் கையுறை விருதைப் பன்னிரண்டு முறை பெற்றார். 1972 இற் சரியாக 3,000 ஆவது வெற்றியடியை அடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள், நிகரகுவா நாட்டில் நிலநடுக்கத்தால் அல்லலுற்றோர்க்கு உதவிப் பொருள் கொண்டுசென்ற விமானம் கடலில் வீழ, உயிர்நீத்தார். ஐந்தாண்டு காத்திருக்கும் விதியைத் தளர்த்தி, 1973 இல் அவரைப் புகழ்மண்டபத்திற் சேர்த்தனர்.

இளையோர் திறனை அளப்போர் எத்துறையினராயினும், அவர்க்கு இவ்வாட்டத்தின் ஏடுகள் கூறும் செய்தி தெளிவானது. இன்று காண்பதையும் நாளை எதிர்பார்ப்பதையும் பிரித்து எழுதுக. சில நாள் ஆட்டத்தைக் கொண்டு முடிவுகட்டாதொழிக. வயதையும் இடத்தையும் இடையூற்றையும் சேர்த்து எண்ணுக. அளக்க எளியதை அளந்துவிட்டு அதுவே முழுத்திறன் என்று கொள்ளாதிருக்க. விளையும் பயிர் முளையிலே தெரியலாம்; ஆனால், முளையிலே தெரியாது பின்னர் விளைந்த பயிரும் உண்டு. அதற்கும் இடம்வைத்து எழுதும் மதிப்பீடே நேர்மையான மதிப்பீடாகும் என்பது துணிபு.